கோன் பிடிச்சா மட்டும்

இந்தப் பை உங்க காலுக்கு இடிக்கலையேம்மா? இடிச்சாச் சொல்லுங்க, மடியில வச்சுக்கிடுதேன். நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா. நான் கோவில்பட்டிதான். உங்களுக்கு முன்னாலயே எறங்கிருவேன்.

கழுத்துல அட்டை தொங்குதே, ஆஸ்பத்திரி வேலையா? கண் ஆஸ்பத்திரியில டோக்கன் போடுத இடமா. இருக்கட்டும், இருக்கட்டும். டாக்டருங்க பேசுதத நாள் முழுக்கக் காதுல கேக்குத ஆளு. எங்களவிட உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட ஒரு விஷயத்தச் சொல்லுதேன். கேட்டுட்டு, நியாயம் எதுன்னு நீங்களே சொல்லுங்க.

முன்னால பாருங்க. டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரம், ஊதாச் சேலை, தலையில பிச்சிப்பூ. தெரியுதா? அவ என் கொழுந்தன் பொண்டாட்டி. தங்கபுஷ்பம்னு பேரு. புஷ்பம்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒரே ஆட்டோவுல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்து, ஒண்ணாத்தான் இந்த வண்டியில ஏறுனோம். ஏறுனதும், பின்னால உக்காந்தா வாந்தி வரும் அக்கா, நான் முன்னால போறேன்னுட்டுப் போயிட்டா. அவளுக்கு வாந்தியெல்லாம் வராது. எத்தனை கல்யாணத்துக்கு வேன்ல கடைசி சீட்டுல உக்காந்து என் கூட வந்தவ. போகட்டும். நான் அதையெல்லாம் மனசுல வைக்கல.

எனக்கு எட்டயபுரம் ரோட்டுல பார்லர். வடிவு பியூட்டி கேர். சண்முகவடிவுங்கதுதான் என் பேரு. இவ எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப ஐபுரோன்னா நூலை எப்படிப் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. ஃபேஷியல், பிளீச்சிங், தலை அலங்காரம், எல்லாம் நான் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தது. சொந்தத் தங்கச்சிக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாச் சொல்லிக்குடுக்கல.

மருதாணி மட்டும் நான் சொல்லிக்குடுக்கல. அது அவ கையோட வந்தது. கோனைப் பிடிச்சான்னா முடி கனத்துல கோடு வரும். நடுவுல கை எடுக்க மாட்டா. பட்டாசு கம்பெனிக்காரங்க வீட்டுப் பொண்ணு ஒருத்திக்கு உள்ளங்கையில புஸ்வாணம் பூத்துச் சிதறுத மாதிரி போட்டுவிட்டா, ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டிப் பூ. லாரி வச்சிருக்கவங்க வீட்டுப் பொண்ணுக்குக் கொடிக்குள்ள ஒளிச்சு ஒரு லாரி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மணவறையில வச்சு அதத் தேடுதாங்க. அதுல இருந்து சிவகாசி, விளாத்திகுளம், கழுகுமலைன்னு எங்கயும் வடிவு கடை மருதாணின்னு பேராயிருச்சு. கடை பேரைத்தான சொல்லுவாங்க. யார் கைன்னு யாரு கேக்கா. அதுல தப்பில்லையே.

போன ஆவணியில முகூர்த்தம்னா அப்படி ஒரு முகூர்த்தம். ஒரே நாள்ல ரெண்டு மூணு மண்டபம். முன்னெல்லாம் பொண்ணுக்கு மட்டும் போட்டாப் போதும். இப்பம் பொண்ணு, பொண்ணோட தங்கச்சி, நாத்தனாரு, கூட வந்த சிநேகிதி எல்லாரும் கைய நீட்டுதாங்க. பொண்ணுக்கு முழங்கை வரைக்கும், காலுக்கு முட்டி வரைக்கும். நான் எதையும் வேண்டாம்னு சொல்லல. இந்த வருசம் இல்லன்னு திருப்பி அனுப்புனா அடுத்த வருசம் நம்ம வாசலுக்கு எவ வருவா? இவளும் முடியாதுன்னு சொல்லல. அதையும் நீங்க கவனிக்கணும். அவ வாய்தொறந்து முடியாதுன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நான் என்ன பேயா?

ஒரு மத்தியானம் வந்து, அக்கா, கோனைப் பிடிச்சா விரலு உள்ள இழுக்குதுன்னா. தைலத்தத் தேச்சுட்டு வான்னேன். அன்னைக்கு இன்னும் ரெண்டு பொண்ணு பாக்கி இருந்துச்சு. தேச்சுட்டு வந்தா. போட்டா. எனக்கென்ன தெரியும்?

அப்புறம் அது கூடிக்கிட்டே வந்துச்சு. கோனைக் கையில எடுத்து நுனியைத் தோல்ல வச்ச உடனே பெருவிரல் மடங்கி உள்ளங்கைக்குள்ள போயிரும். மணிக்கட்டு கொக்கி மாதிரி வளையும். மோதிர விரல் மட்டும் தனியா விறைச்சுக்கிட்டு மேல நிக்கும். அமுக்கம் தாங்காம மருதாணி பொத்துன்னு கொட்டும். பாக்கவே ஒரு மாதிரி இருக்கும், அந்தக் கை அவ கை இல்லாத மாதிரி.

சரி, கோனைக் கீழ வச்சுட்டா? ஒண்ணும் இல்ல. இதத்தான் நான் சொல்ல வந்தேன். வெங்காயம் பொடிசா அரியுதா. ஊசியில ஒரே தடவையில நூல் கோக்குதா. ஐபுரோவுக்கு நூல் இழுக்குதா, பூக் கட்டுதா, போன்ல எழுத்தைத் தட்டுதா. கோன் பிடிச்சா மட்டும் கை கோணுது. நீங்களே சொல்லுங்கம்மா, இத எவ நம்புவா?

ஊர்ல ஒரு டாக்டர்ட்ட காட்டுனோம். எக்ஸ்ரே எடுத்தாரு. எலும்பு நல்லாருக்கு, நரம்பு நல்லாருக்கு, சத்து மாத்திரை சாப்பிடுன்னாரு. மனசுல எதுவும் கவலை இருக்காம்மான்னு கேட்டாராம். படிச்ச டாக்டரே அப்படிக் கேட்டா நான் என்ன நினைப்பேன்?

இன்னொண்ணும் இருக்கு. ஆவணி பிறக்கதுக்குக் கொஞ்சம் முந்திதான் அவ என்கிட்ட வந்து, சாத்தூர்ல எங்கம்மா வீட்டு மாடி சும்மாத்தான் கிடக்கு, அங்க நம்ம கடைக்கு ஒரு கிளை போடட்டுமான்னு கேட்டிருந்தா. சீசன் முடியட்டும் பாக்கலாம்னேன். முகம் கொஞ்சம் வாடுச்சு. அதக் கேட்டு ஒரு மாசம் ஆகல, கை கோணுது. ரெண்டையும் சேத்துப் பாக்கணுமா வேண்டாமா? நான் சேத்துப் பாத்தேன். யாரா இருந்தாலும் பாப்பாங்க.

ஆனா உடனே குத்தம் சொல்லல. முதல்ல நல்லதுதான் செஞ்சேன். பழக்கம் விட்டுப்போச்சுன்னா கை மறந்துரும்லா, அதனால பழகுன்னு சொன்னேன். காலையில கடை திறந்ததும் ஒரு பேப்பர் முழுக்க மாங்காய் வரை. மத்தியானம் ஆள் இல்லாதப்ப இன்னொரு பேப்பர். நம்ம மருதாணி மாங்காய் தெரியும்லா, வளைஞ்ச வாலோட. தரையில பேப்பரை விரிச்சுக் குனிஞ்சு உக்காந்து வரைவா. வரைய வரையக் கை இன்னும் இறுகிச்சு. கவனம் பத்தலைன்னு நினைச்சேன். பக்கத்துல உக்காந்து அவ மணிக்கட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வரையச் சொல்லுவேன். ஒரு நாள் ரப்பர் பேண்டு போட்டு விரலைக் கோனோட சேத்துக் கட்டிப் பாத்தேன். விரல் நுனி வெளுத்துப்போச்சு. அவிழ்த்துருங்க அக்கான்னா, அவிழ்த்துட்டேன். உடனேவான்னு கேட்டா, அந்த மாங்காய் முடிஞ்சதும் அவிழ்த்தேன். நல்லதுக்குத்தான செஞ்சேன்.

இதுக்கு நடுவுல ஒரு கல்யாணம், எங்க கடைக்கு ரொம்ப நாளா வாரவங்க வீட்டுக் கல்யாணம். பொண்ணுக்கு ஒரு கை முடிச்சுட்டா. எப்படி முடிச்சான்னு தெரியல, மெதுவா, மூச்சை அடக்கிக்கிட்டு முடிச்சா. ரெண்டாவது கையில நடு உள்ளங்கையில கோனை வச்சா பாருங்க, கை அப்படியே சுருண்டு, ஒரு உருண்டை மருதாணி நடுவுல கொட்டிருச்சு. பொண்ணு அழுதுட்டா. சுத்தி அவ சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாரும் நிக்காங்க. எல்லாரும் என்னையப் பாக்காங்க. கடை பேரு என் பேருல்லா.

எனக்குக் கோவம் வந்துட்டு. சொல்லிட்டேன்.

"கை நல்லாத்தான் இருக்கு, மனசுதான் கோணிப்போச்சு. தனிக்கடை போடணும்னா என்கிட்ட நேராச் சொல்லு. அதை ஏன் இந்தப் பிள்ளை கையில காட்டுத?"

அவ ஒரு துணியை நனைச்சு அந்தப் பொண்ணு உள்ளங்கையைச் சுத்தமாத் துடைச்சுவிட்டா, ஒரு கறை இல்லாம, அவ்வளவு பக்குவமா. அந்தக் கைதான். துடைக்கும்போது கோணல. அதப் பாத்ததும் எனக்கு இன்னும் கோவம். அவ எந்திரிச்சு வெளிய போயிட்டா. மிச்சத்த நான் போட்டு முடிச்சேன். என் கோடு கயிறு மாதிரி இருக்கும். அந்தக் கல்யாண போட்டோவுல இன்னைக்கும் பாக்கலாம், ஒரு கை அவ போட்டது, ஒரு கை நான் போட்டது.

கோவத்துல வாயில வந்த ஒரு வார்த்தை. குடும்பம்னா எல்லாரும் பேசுததுதான். என்னம்மா? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க. சரி, முழுசாக் கேளுங்க.

அதுக்கப்புறம் வீட்டுல நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. நான் மாமியார்கிட்ட விஷயத்தச் சொன்னேன், அவ்வளவுதான். அவுக தன் மகன்கிட்ட சொன்னாக. என் கொழுந்தன் சங்கரபாண்டி தீப்பெட்டி லோடு ஓட்டுதான். ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, சத்தம் போடாம, ஹால்ல சப்பணம் போட்டு உக்காந்து, அவ முன்னால தன் கைய நீட்டுனான். இதுல போடு பாப்போம்னான்.

நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்திருந்தோம். கோனை நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

முதல் கோட்டுலயே கை மடங்கிருச்சு. திரும்பவும் வச்சா. திரும்பவும் மடங்குச்சு. வேர்த்து ஊத்துது அவளுக்கு. மாமியார் முகத்தைத் திருப்பிக்கிட்டாக. அப்பம் அவ என்ன செஞ்சா தெரியுமா? இடது கை விரல் ஒண்ணால வலது மணிக்கட்டை லேசாத் தொட்டா. பிடிக்கல, அமுக்கல. சும்மா தொட்டா. தொட்ட உடனே அந்தக் கை அடங்கிப்போச்சு. விரல் எல்லாம் அதது இடத்துக்கு வந்துருச்சு. புருசன் கையில ஒரு பூ போட்டா. அம்சமான பூ. அஞ்சு இதழும் ஒண்ணுபோல.

பாத்தீங்களான்னு நான்தான் சொன்னேன். நான் மட்டுமா நினைச்சேன், எல்லாரும்தான் நினைச்சாக. வாய்விட்டுச் சொன்னது நான், அதுதான் வித்தியாசம்.

சங்கரபாண்டி, அப்பம் உன்னால முடியுதுன்னான். அடிக்கல, திட்டல. எந்திரிச்சுப் போயி அந்தப் பூவைக் கழுவிட்டுச் சாப்பிட உக்காந்தான். அவ பரிமாறுனா. மறுநாள் காலையில அம்மா வீட்டுக்குப் போறேன்னு சாத்தூர் பஸ் ஏறிட்டா.

அவளா அவ அம்மாவைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிருக்கா. அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஜெசிந்தான்னு ஒரு நரம்பு டாக்டரம்மா. கோனைக் கையில குடுத்து வரையச் சொல்லிப் பாத்திருக்காங்க. பாத்த உடனே சொல்லிட்டாங்களாம், இதுக்குப் பேரு டிஸ்டோனியா. மூளை விரலுக்கு அனுப்புத உத்தரவு அந்த ஒரு வேலைக்கு மட்டும் குழம்பிப்போகுது. எழுதுதவங்களுக்கு எழுதும்போது மட்டும் வரும், வீணை வாசிக்கவங்களுக்கு வாசிக்கும்போது மட்டும் வரும். இன்னொரு கை விரலால தொட்டதும் அடங்குதே, அது நடிப்பு இல்ல, நிறையப் பேருக்கு இந்த நோயில அப்படித்தான் இருக்கும், அத வச்சே நாங்க அடையாளம் கண்டுக்கிடுவோம்னாங்களாம்.

இத எல்லாம் போன்ல எனக்குச் சொன்னவ அவதான். அழுதுக்கிட்டுச் சொல்லல, குத்திக்காட்டல. நோய்க்குப் பேரு இருக்கு அக்கா, அதான் உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சுன்னா. நான், அப்படியா, ஊசி உண்டாமான்னு கேட்டேன். உண்டு, போட்டாக் கொஞ்ச மாசத்துக்கு இளகும், முழுசாப் போகும்னு சொல்ல முடியாதுன்னா. கடையில ஆள் வந்துட்டாங்கன்னு நான் போனை வச்சுட்டேன். ஆள் யாரும் வரல.

கொழுந்தனும் இப்பம் அவ கூட சாத்தூர்லயேதான் இருக்கான். லோடு அங்க இருந்தே எடுக்கான். என்னைய ரோட்டுல பாத்தா வண்டியோட வேகத்தைக் குறைப்பான். நிப்பாட்ட மாட்டான். அப்புறம் போயிருவான்.

இவ சும்மா இருக்கல. அந்த மாடியில சேலை மடிப்பு எடுத்துக் குடுக்கா. பட்டுச் சேலையைக் கொசுவம் வச்சு, முந்தானை மடிச்சு, அயர்ன் பண்ணி, பெட்டியில வச்சுக் குடுத்தா, பொண்ணு அப்படியே எடுத்துக் கட்டிக்கிட வேண்டியதுதான். அந்த வேலைக்குக் கை கோணாதாம். கோவில்பட்டியில இருந்தே ஆட்கள் போறாங்க. பாத்தீங்களா, கடைசியில சாத்தூர்லதான கடை. நான் அன்னைக்கே சொன்னேன்லா.

அது கிடக்கட்டும். போன மாசம் போன் பண்ணுனா. அந்த டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி பண்ணுதாங்களாம். இந்த மாதிரிக் கை உள்ளவங்களோட மூளையைப் படம் பிடிச்சு, நல்ல கை உள்ளவங்க மூளையோட ஒப்பிட்டுப் பாக்கணுமாம். அதுக்குக் கிட்டத்தட்ட அதே வயசுல, அதே வேலை பாக்கவங்க வேணுமாம். அக்கா, எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு, வருவீங்களான்னு கேட்டா.

என்னைய ஏன் கூப்பிட்டா? மதுரையில, சாத்தூர்ல மருதாணி போடுதவ வேற எவளும் இல்லையா? எங்க வீட்டுக்காரங்க, அதெல்லாம் போகாத, மூளையில எதையாவது பண்ணிவிட்டுருவாங்கன்னாக. நான் போறேன்னுட்டேன். உதவின்னு கேட்டிருக்கா, போகாம இருந்தா நல்லாருக்காதுலா.

உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு. மூளையைப் படம் பிடிச்சா அங்க ஏதாவது தெரியும்லா. பிறக்கும்போதே ஒரு இடத்துல ஒரு கோளாறு இருந்துச்சுன்னா, அது அங்கனயே இருக்கும்லா. அப்பம் பேப்பரும் மாங்காயும் அவளை என்ன செஞ்சிருக்கும்?

இன்னைக்குக் காலையில போனோம். முதல்ல ரெண்டு பேரையும் ஒரே அறையில உக்கார வச்சு டாக்டரம்மா கேள்வி கேட்டாங்க. எந்த வயசுல கோன் பிடிச்சீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், அந்த மாதிரி. அப்புறம் அவளைப் பாத்துக் கேட்டாங்க.

"கை இழுக்க ஆரம்பிச்ச பிறகு வேலையைக் குறைச்சீங்களா?"

"இல்ல டாக்டர். கூட்டுனேன். பேப்பர்ல தினமும் பழகுனேன்."

"யாரும் பழகச் சொன்னாங்களா?"

"நானாத்தான்."

நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். என் முழங்கை அவ முழங்கையில படுது. என் பேரைச் சொல்லியிருக்கலாம்லா? இந்தா உக்காந்திருக்காங்கல்லா, இவங்கதான் சொன்னாங்க, ரப்பர் பேண்டு போட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம்லா? சொல்லியிருந்தா நானும் என் பக்கத்தைச் சொல்லியிருப்பேன், எனக்கென்ன தெரியும் டாக்டர், நான் மருந்துக்குப் படிச்சவளான்னு கேட்டிருப்பேன். என்னையப் பேசவிடாமப் பண்ணிட்டா. அதுதான் எனக்கு அவ மேல வருத்தம். வேற ஒரு வருத்தமும் கிடையாது.

அப்புறம் ஸ்கேன். உடம்புல ஒரு பொட்டு இரும்பு, தங்கம் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஊக்கு, கொண்டை ஊசி, வளையல், மெட்டி, எல்லாம் கழத்தணும். தாலிச் செயினையும் கழத்தச் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. இவதான் மஞ்சக் கயிறு ஒண்ணு கையோட கொண்டுவந்திருந்தா, முன்னாலயே தெரியும்போல. அத என் கழுத்துல கட்டிவிட்டுட்டு, செயினை அவ கையில வாங்கி மூடி வச்சுக்கிட்டா.

உள்ள படுக்க வச்சுக் குழாய்க்குள்ள தள்ளுனாங்க. சத்தம்னா அப்படி ஒரு சத்தம், தகரக் கொட்டகைக்கு உள்ள நம்மள வச்சு வெளிய இருந்து அடிக்க மாதிரி. அசையக் கூடாது, விரலைக்கூட அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அசைக்கக் கூடாதுன்னு சொன்னா எனக்கு விரல் நிக்க மாட்டேங்குது. அதுபாட்டுக்கு மாங்காய் போடுது. வளைச்சு, சுழிச்சு, வாலை இழுத்து. மைக்குல அந்தத் தம்பி, அம்மா, கை ஆடுதும்மான்னாரு. படம் கலங்கிப்போச்சுன்னு திரும்ப எடுத்தாங்க. அந்தக் கொஞ்ச நேரம் நான் கைய எப்படி அடக்கி வச்சேன்னு எனக்குத்தான் தெரியும். கண்ணுல தண்ணி ஓடிக் காதுக்குள்ள போகுது, துடைக்கவும் முடியல. சத்தத்துல கண்ணு கலங்கிருச்சு போல.

வெளிய வந்ததும் புஷ்பம் செயினை என் கழுத்துல போட்டுவிட்டா. அந்தக் கொக்கி இருக்கே, அரிசி மாதிரி சின்னது, நானே கண்ணாடி முன்னால நின்னு நாலு தடவை தவறவிடுவேன். அவ பின்னால நின்னு ஒரே தடவையில மாட்டிட்டா. அந்த விரல் என் பிடரியில பட்டுச்சு. ஒரு நடுக்கம் இல்ல, ஒரு இழுப்பு இல்ல. இத உங்ககிட்டதான் சொல்லுதேன்மா, வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டர் சொல்லி, ஆஸ்பத்திரிக்கே வந்து, எல்லாம் கேட்ட பிறகும், அந்த ஒரு நிமிசம், இவ நடிக்கத்தான் செய்யுதாளோன்னு எனக்குத் தோணுச்சு. ஏன் அப்படித் தோணுச்சுன்னு தெரியல.

சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட, எனக்கு அந்தப் படத்தைப் பாக்கணும்னு கேட்டேன். அடுத்தவங்க படத்தைக் காட்டக் கூடாதுன்னாங்க. காட்டுங்க டாக்டர், அக்காதானன்னு இவ சொன்னா.

கம்ப்யூட்டர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. காலிஃபிளவரை நடுவுல வெட்டி வச்ச மாதிரி இருந்துச்சு ரெண்டும். நான் உத்து உத்துப் பாக்கேன். எது அவளுது, எது என்னுதுன்னு தெரியல. எங்க டாக்டர் அந்தக் கோளாறுன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டு, மேல பேரு எழுதலைன்னா எனக்கே தெரியாதும்மான்னாங்க. ஒரு ஆளோட படத்தைப் பாத்து இதைக் கண்டுபிடிக்க முடியாதாம். இந்த நோய் உள்ளவங்க நிறையப் பேரு படத்தையும், இல்லாதவங்க நிறையப் பேரு படத்தையும் கம்ப்யூட்டர்ல அடுக்கிக் கணக்குப் பண்ணுனாத்தான், கைய ஆட்டிவைக்க சில இடங்கள்ல மூளைச் சதை கொஞ்சம் கூடக்குறைய இருக்கது தெரியுமாம். அதுவும் எல்லாருக்கும் இருக்கும்னு இல்லையாம்.

புஷ்பம் மருந்து வாங்கக் கீழ போனா. நான் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். டாக்டர், ஒண்ணே ஒண்ணு. அந்த வித்தியாசம் பிறவியிலயே இருக்கதா, இல்ல வேலை பாத்துப் பாத்து வந்ததான்னு கேட்டேன். அதுதாம்மா எங்களுக்கும் தெரியலன்னாங்க. அப்படி ஒரு மூளை இருக்கவங்களுக்கு இந்த நோய் வருதா, இல்ல வருசக்கணக்கா ஒரே நுணுக்க வேலையைச் செஞ்சு செஞ்சு மூளை அப்படி மாறுதா, ரெண்டும் சேந்துதானான்னு உலகத்துல யாரும் உறுதியாச் சொல்லலையாம். எத்தனையோ பேரு வாழ்நாள் முழுக்க அந்த வேலை பாக்காங்க, அவங்க எல்லாருக்கும் வரலையே, அதனால உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு ஏற்கெனவே இருக்கத்தான் செய்யணும்னாங்க. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பம் இருக்கவங்களுக்குத்தான் வரும், என்ன டாக்டர்? என்னால வந்ததுன்னு இல்லைல்லா? அவங்க என்னைய நிமிந்து பாத்தாங்க. அப்பம்தான் அவங்களுக்கு விளங்குச்சு போல. அப்புறம்,

"அதுக்கு இந்தப் படத்துல பதில் இல்லம்மா"ன்னாங்க.

இல்லன்னு சொல்லலையே. ஆமான்னும் சொல்லல. நீங்க சொல்லுங்க, டாக்டர் சொன்னதுல எது முக்கியம்? ஏற்கெனவே இருக்கத்தான் செய்யணும்னு சொன்னாங்கள்லா, அதுதான முக்கியம்? நான் கூட அதே வேலைதான் பாக்கேன். அவளைவிட அதிக வருசம் பாக்கேன். என் கை கோணலையே. அப்பம் வேலையால இல்லைன்னுதான அர்த்தம்?

என்னம்மா, நீங்களும் ஜன்னலைப் பாக்கீங்க.

சாத்தூர் வந்துருச்சு. பாலத்தைத் தாண்டிட்டான். அவ எந்திரிச்சுட்டா. முன்வாசல் அவ பக்கத்துலயே இருக்கு, பின்னால ஏன் வாறா? நம்மளைப் பாத்துத்தான் வாறா. நீங்க ஒண்ணும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாதீங்க.

என்ன புஷ்பம், எறங்கப் போறியா. சரி. ஆமா, வீட்டுக்குப் போயிச் சாப்பிடுதேன். என்னது? அது, இல்ல புஷ்பம், நான் சும்மா. சும்மா பேச்சுவாக்குல கேட்டேன். சரி, சரி, பாத்து எறங்கு. ஆள் ஏறுதாங்க பாரு. பாத்து.

போயிட்டா.

அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? மெதுவாத்தான் சொன்னா. வெறும் வயித்தோட படுக்காதீங்க அக்கான்னா. அப்புறம், நீங்க டாக்டர்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தப்ப நான் கதவுக்கு வெளியதான் நின்னேன்னா. மருந்துச் சீட்டை மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டாளாம், எடுக்க வந்திருக்கா.

"அத என்கிட்ட கேட்டிருக்கலாமே, அக்கா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. கோவமாச் சொல்லல. சேலையைச் சரிபண்ணிக்கிட்டு எறங்கிட்டா. அந்தா, ரோட்டைக் கடந்துட்டா. பழக்கடை கிட்ட நிக்கது சங்கரபாண்டியாத்தான் இருக்கும். ஆமா, அவன்தான். பையை வாங்கிக்கிட்டான்.

அவகிட்டப் போயி நான் என்னன்னு கேக்க? அவளுக்கென்ன மூளையப் பத்தித் தெரியும், அவ என்ன டாக்டரா?

இல்லம்மா. கேக்க முடியாம இல்ல. சீட்டுல பக்கத்துல உக்காந்திருந்தாக் கேட்டிருப்பேனோ என்னவோ. ஆமா அக்கா, உங்களாலதான்னு அவ சொன்னா எனக்குப் பயம் இல்ல. அதுக்கு எத்தனையோ பதில் வச்சிருக்கேன். திருமங்கலத்துல இருந்து உங்ககிட்ட அதத்தான சொல்லிக்கிட்டு வாறேன். ஆனா அவ அப்படிச் சொல்ல மாட்டா. எனக்கு அவளைத் தெரியும். நான் கேட்டா, என் முகத்தைப் பாத்துட்டு, உங்களால இல்ல அக்கான்னு சொல்லிருவா.

அப்படிச் சொல்லிட்டான்னா நான் என்னம்மா செய்ய?